புற்றுநோய் சிகிச்சைக்கு வாட்ஸ்அப்பில் நிதி கேட்கும் முன்... கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை - முழு விளக்கம்

காலை ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி வந்து சேரும் புறநகர் ரயிலில் பாதிப் பேர் கையில் செல்போன்தான். கம்பெனி குரூப், ஊர் குரூப், கூடப் படித்தவர்கள் குரூப் என்று எதைத் திறந்தாலும் அவ்வப்போது ஒரு போஸ்டர் கண்ணில் படும். மருத்துவமனைப் படுக்கையில் ஒருவர், ஓரத்தில் ஒரு கியூஆர் கோடு, கீழே "புற்றுநோயால் அவதிப்படும் நம்ம நண்பருக்கு முடிந்த உதவி செய்யுங்கள், ஷேர் பண்ணுங்கள்" என்று ஒரு வரி.

பார்ப்பவர் 100 ரூபாய் அனுப்புகிறார், இன்னும் 2 குரூப்பில் போடுகிறார். நல்ல மனசுதான். ஆனால் அந்த போஸ்டரில் பெரும்பாலும் ஒரு தகவல் இருக்காது. படுக்கையில் இருப்பவருக்கு இஎஸ்ஐ இருக்கிறதா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்பதுதான் அது.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. இத்தனை குடும்பங்களும் கியூஆர் கோடை நம்பி இருக்க முடியாது. அப்போ சமூக வலைதள நிதி எதுக்கு உதவும், எதுக்கு உதவாது? எப்படித் திரட்டினால் பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

போஸ்டருக்கு முன் பே-ஸ்லிப்: இஎஸ்ஐ-யில் என்ன கிடைக்கும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, காக்களூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது சம்பளச் சீட்டு. அதில் 'இஎஸ்ஐ' என்ற பிடித்தம் இருந்தால், சிகிச்சைச் செலவின் பெரும்பகுதிக்கு அங்கேயே வழி இருக்கிறது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இஎஸ்ஐ திட்டத்தில் வருவார்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளியும், 3.25 சதவீதம் நிறுவனமும் கட்ட வேண்டும். உதாரணமாக 16,000 ரூபாய் சம்பளம் என்றால் தொழிலாளி பங்கு 120 ரூபாய், நிறுவனத்தின் பங்கு 520 ரூபாய்.

இந்தப் பணத்துக்கு ஈடாகத் தொழிலாளிக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் சிகிச்சை கிடைக்கும். சென்னையில் அயனாவரம், கே.கே.நகர் ஆகிய இடங்களில் இஎஸ்ஐ மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே இல்லாத உயர் சிகிச்சை தேவைப்பட்டால், ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைக்கு அவர்களே எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். இதற்குக் குறைந்தபட்ச காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம், சம்பள இழப்புக்கும் இஎஸ்ஐ பணம் தருகிறது. சாதாரண நோய் விடுப்புக்கு ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். புற்றுநோய் உட்பட 34 நீண்டகால நோய்களுக்கு 'நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவித்தொகை' தனியாக இருக்கிறது. 2 ஆண்டு தொடர் வேலை உள்ளிட்ட நிபந்தனைகள் சரியாக இருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம், அதிகபட்சம் 2 ஆண்டுகள் வரை கிடைக்கும். 16,000 ரூபாய் சம்பளக்காரருக்கு இது மாதம் 12,800 ரூபாய் அளவுக்கு வரும். எந்த வாட்ஸ்அப் போஸ்டரும் 2 வருஷத்துக்கு மாதாமாதம் இவ்வளவு தராது.

"நான் காண்ட்ராக்ட் லேபர்தானே, எனக்கு எப்படி?"

காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இஎஸ்ஐ உண்டு. ஒப்பந்ததாரர் பணம் கட்டவில்லை என்றாலும் முதன்மை நிறுவனம் பொறுப்பிலிருந்து தப்பிக்க முடியாது. இஎஸ்ஐ எண் இருக்கிறதா, பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்பதை இஎஸ்ஐ இணையதளத்திலோ, கட்டணமில்லா எண் 1800 11 2526-ல் அழைத்தோ தெரிந்துகொள்ளலாம். ஒடிசா, பீகார் என்று வேறு மாநிலத்திலிருந்து வந்து வேலை பார்ப்பவர்களுக்கும் இதே விதிதான்.

நோய் என்று தெரிந்ததும் சிலர் பயத்தில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். இஎஸ்ஐ அலுவலகத்தில் என்னென்ன உரிமை இருக்கிறது என்று கேட்காமல் ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

இஎஸ்ஐ இல்லாதவர்கள் என்ன செய்வது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்த்து நடத்தப்படுகிறது. புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு ஆகியவை இதில் வருகின்றன.

அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலர் மூலம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தை அணுக வேண்டும். எந்த மருத்துவமனையில் எந்த சிகிச்சைக்கு இது செல்லும் என்பதை 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். மருத்துவமனையில் சேருவதற்கு முன்பே கேட்பது நல்லது. சேர்ந்து, பணம் கட்டி, பில் வாங்கிய பிறகு "காப்பீடு இருக்கு" என்று சொன்னால் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

அரசு மருத்துவமனைகளில் எங்கே போவது? காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ராயப்பேட்டை அரசு மருத்துவமனை ஆகியவற்றில் புற்றுநோய் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் என்று எந்த ரயிலில் வந்தாலும் சென்ட்ரலில் இறங்கி சாலையைக் கடந்தால் ராஜீவ் காந்தி மருத்துவமனை. அறக்கட்டளை முறையில் நடக்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ சிகிச்சை தருகிறது.

இதில் ஒரு இடைவெளி இருப்பதையும் சொல்ல வேண்டும். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டிவிட்டால் இஎஸ்ஐ கிடையாது. அதே ஆளின் ஆண்டு வருமானம் 1.2 லட்சத்தைவிடக் கூடுதல் என்பதால் முதலமைச்சர் காப்பீடும் பெரும்பாலும் கிடைக்காது. கம்பெனியில் குரூப் இன்சூரன்ஸும் இல்லாவிட்டால், 25,000 ரூபாய் வாங்கும் சூப்பர்வைசர் இரண்டு பக்கமும் இல்லாமல் நடுவில் நிற்பார். பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு மருத்துவமனை தரும் செலவு மதிப்பீட்டுடன் விண்ணப்பிக்கும் வழி இவருக்கு இருக்கிறது. பொதுமக்களிடம் உதவி கேட்கும் தேவை உண்மையிலேயே அதிகம் வருவதும் இவரைப் போன்றவர்களுக்குத்தான்.

அப்போ எதுக்குத்தான் நிதி திரட்டணும்?

காப்பீடு பில்லைக் கட்டும். ஆனால் பில்லுக்கு வெளியே ஒரு பெரிய செலவு இருக்கிறது.

கதிர்வீச்சு சிகிச்சையையே எடுத்துக்கொள்வோம். பல வகைப் புற்றுநோய்களுக்கு வாரத்தில் 5 நாள் வீதம் 5, 6 வாரம் தினமும் போக வேண்டியிருக்கும். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் ஏறக்குறைய 47 கிலோமீட்டர். நோயாளியால் நெரிசல் ரயிலில் நிற்க முடியாத நாளில் கார் பிடிக்க வேண்டும். கூட வரும் மனைவிக்கோ மகனுக்கோ அன்றைய கூலி போய்விடும். போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்த்து நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்தால்கூட 30 நாளுக்கு 15,000 ரூபாய். துணைக்கு வருபவரின் கூலி தினம் 500 ரூபாய் என்றால் இன்னொரு 15,000 ரூபாய்.

சிகிச்சையைப் பாதியில் நிறுத்த வைப்பது பல நேரங்களில் இந்தச் சின்னச் செலவுகள்தான். கதிர்வீச்சு, கீமோ இரண்டிலுமே நாள் தவறாமல் போவது முக்கியம். வெளியில் எடுக்கச் சொல்லும் ஸ்கேன், சத்தான உணவு, மருத்துவமனை அருகே தங்கும் வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவற்றுக்குப் பொதுமக்கள் தரும் 50 ரூபாய், 100 ரூபாய் மிகச் சரியாகப் பொருந்தும். "20 லட்சம் வேண்டும்" என்ற போஸ்டரைப் பார்த்து மலைப்பவர்கள், "ஒரு நாள் கதிர்வீச்சுப் பயணத்துக்கு 500 ரூபாய்" என்றால் ஒரு நாளை ஏற்றுக்கொள்வார்கள்.

வேறு மாநிலத் தொழிலாளர்கள் சிகிச்சைக்காக நீண்ட தூர ரயிலில் போக வேண்டியிருந்தால், மருத்துவமனை தரும் சான்றை வைத்து ரயில்வேயில் புற்றுநோயாளி சலுகை வாங்கலாம். ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் நோயாளிக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்கு வருபவருக்கும் இந்த வகுப்புகளில் 75 சதவீதம் தள்ளுபடி உண்டு.

கிரௌட்ஃபண்டிங் தளங்கள் நம்பகமானவையா?

மிலாப், கெட்டோ, இம்பாக்ட்குரு ஆகியவை இந்தியாவில் மருத்துவ நிதிக்குப் பெயர் பெற்ற தளங்கள். யூடியூபில் வீடியோவுக்கு முன் வரும் கண்கலங்கிய அம்மாக்களின் விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். 2021இல் தமிழ்நாட்டில் அரிய மரபணு நோய் தாக்கிய ஒரு குழந்தைக்கு 16 கோடி ரூபாய் மருந்துக்கான பணம் இப்படித்தான் திரண்டது. "அவங்களுக்குக் கிடைச்சதே, நமக்குக் கிடைக்காதா?" என்ற நம்பிக்கை அதிலிருந்து வருகிறது.

ஆனால் ஜெயித்த கதைதான் செய்தியாகும். அமெரிக்காவில் கோஃபண்ட்மீ தளத்தில் 2016 முதல் 2020 வரை தொடங்கப்பட்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவ நிதிக் கோரிக்கைகளை ஆய்வாளர்கள் அலசியபோது, 12 சதவீதத்துக்கும் குறைவானவைதான் இலக்கை எட்டின. 16 சதவீதத்துக்கு ஒரு டாலர்கூட வரவில்லை. வசதியான நண்பர்கள் அதிகம் உள்ளவர்களுக்கே அதிகம் கிடைக்கிறது. சிப்காட் லைன் வீட்டில் இருப்பவரின் நண்பர்களும் சிப்காட் லைன் வீட்டில்தானே இருப்பார்கள்.

தளத்தைப் பயன்படுத்துவதென்றால் கவனிக்க வேண்டியவை:

* மருத்துவமனை கையெழுத்திட்ட செலவு மதிப்பீடு, நோயறிதல் அறிக்கை, அடையாளச் சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். கேட்காமல் சேர்க்கும் தளத்தை நம்ப வேண்டாம்.
* 'கட்டணம் இல்லை' என்று போட்டிருந்தாலும் பணப் பரிவர்த்தனைக் கட்டணம் இருக்கலாம். நன்கொடையாளரிடம் 'டிப்ஸ்' கேட்பதும் வழக்கம். விளம்பரம் செய்து தரும் திட்டம் என்றால் அதற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் வாங்குங்கள்.
* திரண்ட பணத்தை நேரடியாக மருத்துவமனைக் கணக்குக்கு அனுப்பும் வசதியைத் தேர்ந்தெடுங்கள்.

நேரடியாக சொந்த ஜிபே நம்பரைப் போட்டால் என்ன?

சின்னத் தொகைக்கு, தெரிந்தவர்கள் வட்டத்துக்குள் என்றால் பரவாயில்லை. போஸ்டர் ஊர் தாண்டிப் போகும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கும்.

முதலாவது, எடிட்டிங். போஸ்டரில் இருக்கும் கியூஆர் கோடை மட்டும் மாற்றி ஒட்டி மறுபடி பரப்ப சில நிமிடம் போதும். படம் உங்களுடையது, பணம் வேறு யாருக்கோ.

இரண்டாவது, கணக்கு முடக்கம். முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வரும் பணத்தில், யாரையோ ஏமாற்றிச் சம்பாதித்த பணமும் கலந்திருந்தால், சைபர் கிரைம் புகாரின் பேரில் உங்கள் கணக்கில் அந்தத் தொகையோ, சில நேரம் மொத்தக் கணக்குமோ முடக்கப்படலாம். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் இப்படி ஆனால்?

மூன்றாவது, வருமான வரி. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் பணமாகப் பெற்றால், அந்தத் தொகை முழுவதும் வருமானமாகக் கருதப்படும் விதி இருக்கிறது. அதனால் பெரிய தொகை என்றால் பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகவோ நேரடியாக மருத்துவமனைக்கோ பணம் போவதே பாதுகாப்பு. ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நான்காவது, வெளிநாட்டுப் பணம். இந்தியக் குடியுரிமை வைத்திருக்கும் நண்பர் சிங்கப்பூரிலிருந்து தன் சேமிப்பை வங்கி மூலம் அனுப்புவது வேறு. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்புவது வேறு. இரண்டாவது வகை, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். அதைப் பெற அமைப்புகளுக்குத் தனி அனுமதி வேண்டும்.

இதெல்லாம் இல்லாமல் ஒரு எளிய வழி இருக்கிறது. மருத்துவமனையின் அதிகாரபூர்வ கணக்கு எண், நோயாளியின் பதிவு எண் இரண்டையும் கொடுத்து, அங்கேயே கட்டச் சொல்லலாம். மருத்துவமனைகளுக்கான யுபிஐ வரம்பை 5 லட்சம் ரூபாயாக உயர்த்துவதாக 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அறிவித்ததால் பெரிய தொகை கட்டுவதும் இப்போது எளிது. பயணம், சாப்பாடு மாதிரியான செலவுக்கு மட்டும் தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்து, அதைக் குடும்பத்தில் ஒருவரும் வெளியாள் ஒருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

பதிவில் என்ன எழுதணும்? என்ன எழுதக் கூடாது?

பார்ப்பவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதிவிலேயே பதில் இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

"எங்கள் யூனிட்டில் 9 வருடமாக வேலை பார்க்கும் நண்பருக்கு வாய்ப் புற்றுநோய். அறுவை சிகிச்சைச் செலவை இஎஸ்ஐ ஏற்றுக்கொண்டது. அடுத்து 30 நாள் கதிர்வீச்சு. பயணம், சாப்பாட்டுக்கு நாளுக்கு 500 ரூபாய், மொத்தம் 15,000 ரூபாய் தேவை. தொகை சேர்ந்ததும் இதே குரூப்பில் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவோம். விவரம் கேட்க இந்த எண்ணுக்கு அழைக்கலாம். இந்தப் பதிவு இந்த மாதம் 30ஆம் தேதி வரை மட்டும்."

கடைசி வரி ரொம்ப முக்கியம். தேதி இல்லாத போஸ்டர் 3 வருஷம் கழித்தும் சுற்றும். குணமாகி வேலைக்குத் திரும்பியவரின் படம் இன்னும் "உயிருக்குப் போராடுகிறார்" என்று வந்துகொண்டிருக்கும். காலமாகிவிட்டவரின் படம் வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆதார் நகல், முழு முகவரி, ஸ்கேன் அறிக்கையின் எல்லாப் பக்கங்கள் ஆகியவற்றைப் பொதுவில் போட வேண்டாம். கேட்பவருக்குத் தனியாகக் காட்டலாம். முடி கொட்டிய, குழாய் மாட்டிய படத்தைப் போடும் முன் நோயாளியிடம் கேட்க வேண்டும். அவர் "வேண்டாம்பா" என்றால் அது வேண்டாம்தான். நோய் தெரிந்தால் பெண்ணின் கல்யாணப் பேச்சு நின்றுவிடும் என்று பயப்படும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. படம் இல்லாமலும், பெயர் இல்லாமலும், கூட வேலை பார்ப்பவர்களின் பெயரை முன்வைத்து நிதி கேட்க முடியும்.

கியூஆர் கோடைத் தாண்டி: வித்தியாசமாக நிதி திரட்டியவர்கள்

உலகம் முழுக்கத் தெரிந்த உதாரணம் டெர்ரி ஃபாக்ஸ். புற்றுநோயால் ஒரு காலை இழந்த கனடா நாட்டு இளைஞர். 1980 ஏப்ரல் 12ஆம் தேதி செயற்கைக் காலுடன் நாட்டைக் குறுக்காக ஓடிக் கடக்கக் கிளம்பினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிய நிலையில் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவி ஓட்டம் நின்றது. 1981 ஜூன் 28இல் இறந்தார். அவர் கேட்டது ஒவ்வொரு கனடியரிடமும் 1 டாலர். 1981 பிப்ரவரியில் 2 கோடியே 41 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. அப்போதைய கனடாவின் மக்கள்தொகையும் அவ்வளவுதான்.

அவர் பெயரில் நடக்கும் ஓட்டம் சென்னைக்கும் வந்திருக்கிறது. ஐஐடி வளாகத்தில் நடக்கும் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டத்தில் திரளும் நிதி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பணிகளுக்குப் போகிறது. இதில் யார் முதலிடம் என்ற போட்டியே கிடையாது. நடந்தும் போகலாம்.

அடையாறு மருத்துவமனையின் கதையே ஒரு நிதி திரட்டல் கதைதான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நன்கொடை திரட்டிக் கட்டிய மருத்துவமனை அது. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். ஒரு நோயாளிக்காகக் கேட்காமல், இனி வரப்போகும் எல்லா நோயாளிகளுக்குமாகக் கேட்ட பணம் அது.

2014இல் பிரிட்டனில் பெண்கள் மேக்கப் இல்லாத செல்ஃபி போட்டு, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு எஸ்எம்எஸ் மூலம் பணம் அனுப்பினார்கள். 6 நாளில் 80 லட்சம் பவுண்ட் சேர்ந்தது. ஆரம்பத்தில் வெறும் படம் மட்டும் போட்டவர்களால் பைசா பயன் இல்லை. எந்த எண்ணுக்கு என்ன வார்த்தை அனுப்பணும் என்று சேர்த்துப் போட ஆரம்பித்த பிறகுதான் பணம் வந்தது. அதிலும் சிலர் வார்த்தையை மாற்றி அனுப்பியதால் பணம் யூனிசெஃப் அமைப்புக்குப் போன கூத்தும் நடந்தது. யுபிஐ ஐடியில் ஒரு எழுத்து மாறினாலும் இதே கதைதான்.

பக்கத்து மாநிலமான கேரளாவில் 'பிரியாணி சேலஞ்ச்' பரவலான வழக்கம். முன்பதிவு வாங்கி, பொது இடத்தில் சமைத்து, வீடு வீடாகப் பொட்டலம் கொடுத்து, செலவு போக மீதியைச் சிகிச்சை நிதிக்குத் தருவார்கள். தனியார் பஸ்கள் ஒரு நாள் வசூலை அப்படியே ஒரு நோயாளிக்குக் கொடுப்பதும் அங்கே உண்டு.

நம்ம ஊரில் மொய் விருந்து இருக்கிறது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் காலங்காலமாக நடப்பது. சாப்பிட்டுவிட்டு நோட்டில் பெயர் எழுதி மொய் வைக்க வேண்டும். 2024இல் வயநாடு நிலச்சரிவு நிவாரணத்துக்காகத் திண்டுக்கல்லில் ஒரு உணவகம் மொய் விருந்து வைத்தது செய்தியானது. மொய் நோட்டில் யார் எவ்வளவு கொடுத்தார் என்பது ஊருக்கே தெரியும் என்பதால் கணக்கில் குழப்பம் வராது. ஆன்லைன் நிதிக்கு அவசியம் வேண்டியதும் அந்த நோட்டுதான்.

பணம் இல்லாதவர்கள் முடியைக் கொடுக்கலாம். சென்னையில் செரியன் ஃபவுண்டேஷன் நடத்தும் திட்டத்தில், தானமாகப் பெறும் தலைமுடியில் விக் செய்து, கீமோதெரபியால் முடி இழந்தவர்களுக்கு வழங்குகிறார்கள்.

தொழிற்சாலைக்குள் என்ன செய்யலாம்?

500 பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஒவ்வொருவரும் சம்பள நாளன்று 20 ரூபாய் போட்டால் மாதம் 10,000 ரூபாய், வருஷத்துக்கு 1,20,000 ரூபாய். யாருக்கு நோய் வந்தாலும் மறுநாளே எடுத்துக் கொடுக்கத் தயாராக இருக்கும் பணம் அது. அழகாகப் பேசத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும், தமிழருக்கும் வெளிமாநிலத்தவருக்கும் ஒரே விதி. ஆனால் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் யாருடைய சம்பளத்திலும் பிடிக்கக் கூடாது.

நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாமா? நிகர லாபம் 5 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்கள், கடந்த 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டம். ஆனால் சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவு இதில் கணக்காகாது. அதனால் "எங்க ஆளுக்கு சிகிச்சை செய்யுங்க" என்று இந்த நிதியிலிருந்து கேட்க முடியாது. "சுற்றியுள்ள கிராமங்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடத்துங்கள்" என்று கேட்கலாம். நிறுவனம் இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சிகிச்சையும் எளிது, செலவும் குறைவு. தொழிலாளர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பரிசோதிக்க, தமிழ்நாடு அரசு 2024இல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. ஹான்ஸ், குட்கா போடும் பழக்கம் ஷிப்டு வேலை செய்பவர்களிடம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். வாயில் 2, 3 வாரமாக ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும்.

பணம் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

* போஸ்டரில் உள்ள எண்ணுக்கு ஒரு முறை அழைத்துப் பேசுங்கள். எந்த மருத்துவமனை, எந்த வார்டு, காப்பீடு என்னவாயிற்று என்று கேளுங்கள். உண்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.
* யுபிஐயில் பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் பாருங்கள். போஸ்டரில் சொன்னவர்தானா?
* தனிநபருக்குத் தரும் பணத்துக்கு 80ஜி வரிச்சலுகை கிடையாது. பதிவு பெற்ற அறக்கட்டளைக்குத் தந்தால், பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவர்களுக்குக் கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்கும் கிடையாது.
* மோசடி என்று தெரிந்தால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு அழையுங்கள்.

கடைசியாக, மீதிப் பணம்

யாரும் பேசத் தயங்கும் விஷயம் இது. 3 லட்சம் ரூபாய் திரட்டுகிறார்கள். 2 லட்சம் செலவாகும்போதே நோயாளி இறந்துவிடுகிறார். மீதி ஒரு லட்சம் யாருக்கு? பிள்ளைகளின் படிப்புக்கா, அடுத்த நோயாளிக்கா, கொடுத்தவர்களுக்கே திருப்பியா? துக்க வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தால் நல்லது செய்தவர்களுக்கே கெட்ட பெயர். அதனால் முதல் பதிவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது: "தொகை மீதமானால் குடும்பத்தின் சம்மதத்தோடு, இதே பகுதியில் சிகிச்சை பெறும் இன்னொருவரின் பயணச் செலவுக்குக் கொடுக்கப்படும்." வாரத்துக்கு ஒரு முறை வரவு செலவைப் புகைப்படம் எடுத்து அதே குரூப்பில் போட்டுவிட்டால், அடுத்த முறை நிதி கேட்கும்போது யாரும் யோசிக்க மாட்டார்கள்.

அடுத்த தடவை குரூப்பில் ஒரு போஸ்டர் வந்தால், ஷேர் பட்டனை அழுத்தும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இஎஸ்ஐ இருக்கா, காப்பீட்டு அட்டை இருக்கா?" இருக்கு என்று பதில் வந்தால், நீங்கள் அனுப்ப நினைத்த 100 ரூபாயோடு சேர்த்து, கூடப் போய் படிவம் நிரப்பிக் கொடுக்க அரை நாள் லீவும் போடலாம்.

உதவி எண்கள்: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் - 1800 425 3993. இஎஸ்ஐ - 1800 11 2526. தமிழ்நாடு மருத்துவ ஆலோசனை - 104. சைபர் கிரைம் - 1930.